இரவல் சீசா

சிங்காரவேலுக்குக் கம்பெனியில் பெர்மனென்ட் வேலை கிடைத்தது மைத்துனன் வைத்திலிங்கத்தின் மூத்திரத்தால். இது உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும்: சிங்காரவேலுக்கு, அவன் பெண்சாதி கஸ்தூரிக்கு, அந்த மூத்திரத்தின் சொந்தக்காரனுக்கு.

நெய்வேலிக்கு வருவதற்கு முன்னால் சிங்காரவேல் நெல்லிக்குப்பம் பக்கத்தில் வெல்ல மண்டித் தரகன். விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் உட்கார்ந்து, கையின் மேல் ஒரு துண்டைப் போட்டு, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற தொழில். ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தால் முழு விலை. இறங்க இறங்க ஒவ்வொரு விரலாக விட்டுவிடுவார்கள். கையை உதறினால் பேரம் இல்லை என்று அர்த்தம். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒரு எழவும் தெரியாது. முகத்தைப் பார்த்தால் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். அந்தத் தொழிலில் அவன் கற்றுக்கொண்டது இதுதான்: சும்மா தருகிறேன் என்று எவன் சொன்னாலும் அவனுடைய இன்னொரு கை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும், தன் சரக்கில் இருக்கிற சொத்தையைத் தானே எடுத்துச் சொல்கிறவன் கடையைக் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

அவன் சரக்கிலேயே சொத்தை இருந்தது. வெல்லத்தை நாக்கில் வைத்துத் தரம் சொல்லிப் பிழைத்தவனுக்குச் சர்க்கரை வியாதி வந்தது. கஸ்தூரி திருவிழாவுக்குத் தாய்வீடு போயிருந்த சமயம், மண்டியிலேயே நாய் மாதிரி மூச்சு இரைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான். தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் அவன் வாயருகே குனிந்து மோந்து பார்த்து, பழம் அழுகின வாசம் வருகிறது, இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் பாடை கட்டியிருப்பீர்கள் என்று சொல்லி, இன்சுலின் போட்டு எழுப்பினார். அன்று முதல் தினம் காலையில் ஊசி. மருந்து சூட்டில் கெட்டுப்போகாமல் இருக்க அதை ஈர மணல் சட்டிக்குள் புதைத்து வைத்திருப்பார்கள். ஊசி போடக் கற்றுக்கொண்டது கஸ்தூரிதான். ஊசியைக் கண்ணால் பார்த்தாலே சிங்காரவேலுக்கு முட்டி ஆடிவிடும். சுவர்க் காலண்டரில் இருக்கிற முருகனைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டுவான். போட்டாயா என்று கேட்பான். எப்போதோ போட்டாயிற்று என்பாள் அவள். அவளுக்கு அப்படி ஒரு கை.

மண்டி நொடித்துப் போனதும் நெய்வேலிக்கு வந்து கான்ட்ராக்டில் கூலி வேலை பார்த்தான். பெர்மனென்டுக்கு அவன் பேர் வந்தபோது மெடிக்கலில் மூத்திரம் பார்ப்பார்கள் என்றார்கள். சிங்காரவேல் அசரவில்லை. தன் சரக்கு சரியில்லை என்றால் அடுத்தவன் சரக்கைக் கைமாற்றிக் காட்டுவது மண்டியில் நாள்தோறும் நடக்கிற காரியம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வைத்தியின் மடியில் துண்டைப் போட்டுக் கையைப் பிடித்தான். வைத்தி அப்போது இளவட்டம், கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு. அக்காள் புருஷன் என்ன கேட்கிறான் என்று புரிந்ததும் பல்லைக் காட்டி இரண்டு விரலைப் பிடித்தான். இரண்டு வேளைச் சோறு. சல்லிசாக முடிந்தது என்று சிங்காரவேலுக்குச் சந்தோஷம். எத்தனை நாளைக்கு என்று பேசாமல் விட்டுவிட்டான். பழம் தின்று கொட்டை போட்ட தரகன் பண்ணுகிற தப்பா அது?

அவனுக்குச் சுரங்கத்தில் கரி போகிற பெல்ட் ஓட்டுகிற வேலையும் ஒரு குவார்ட்டர்ஸும் கிடைத்தன. குவார்ட்டர்ஸோடு சேர்த்து வைத்தியும் கிடைத்தான். பின்பக்கத்து அறையில் பாயை விரித்தவன் போகவே இல்லை. அவனுக்குக் கான்ட்ராக்ட் வேலைதான், அதுவும் பாதி நாள். இரண்டு வேளை மூன்று வேளையாயிற்று. சர்க்கரை வாங்காமல் இருந்தால் அக்கம்பக்கத்தில் சந்தேகம் வரும் என்று கஸ்தூரி ரேஷன் சர்க்கரையை முழுசாக வாங்கிவிடுவாள். சிங்காரவேலின் பங்கும் சேர்த்து வைத்திதான் தின்று தீர்த்தான். பொங்கலுக்குப் பானையை வழித்தான், தீபாவளிக்குத் தட்டை வழித்தான். ஏன்டா இப்படி என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"மாமா, நீ சட்டையில குத்திக்கினு போற கம்பெனி வில்லை இருக்குதே, அது என்னுது. ஒனக்குக் குத்திக்க மட்டும் குடுத்திருக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொல்வான். சிங்காரவேலும் சிரிப்பான். வேறு என்ன செய்வது?

பிறகு ஒரு ஐப்பசியில் அந்தக் காய்ச்சல் வந்தது. ஹாங்காங் காய்ச்சல் என்று பேப்பரில் பேர் போட்டார்கள். எங்கேயோ கப்பலில் இறங்கி, ரயில் ஏறி, கம்பெனி பஸ்ஸிலும் தொற்றிக்கொண்டு டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகப் போயிற்று. மைன்ஸில் ஷிப்டுக்குப் பாதி ஆள் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழே ஒருவன், வராந்தாவில் இன்னொருவன். வந்த வேகத்தில் உடம்பை முறித்துப் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் ரசம் சோறு கேட்க வைத்துவிட்டுப் போய்விடுகிற காய்ச்சல்தான். ஆனால் சர்க்கரை வியாதிக்காரர்களை மட்டும் அது அப்படி விடவில்லை. அடுத்தடுத்து இரண்டு பேர் போய்ச் சேர்ந்ததும் பெரிய டாக்டர் கணக்கைப் புரிந்துகொண்டார். ஜுரத்தில் சர்க்கரை ஏறும். ஏறினால் ஜுரம் ஆளை விடாது. எவனெவனுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தால்தான் காப்பாற்ற முடியும் என்றார்.

வேனில் மைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகச் சொன்னார்கள். ஒவ்வொரு தொழிலாளியும் காலை மூத்திரத்தைச் சீசாவில் பிடித்துக்கொண்டு பிளாக் மண்டபத்துக்கு வர வேண்டும். சர்க்கரை இருந்தால் பயப்பட வேண்டாம்; காய்ச்சல் ஓய்கிற வரை சம்பளத்தோடு லீவு, மருந்து இலவசம், ஜுரம் தலை காட்டினால் தனி வார்டு. வேலைக்கு ஒரு ஆபத்தும் வராது.

சம்பளத்தோடு லீவு என்றதும் ஊருக்கே சர்க்கரை வியாதி மேல் ஆசை வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஃபிட்டர் பாவாடை தன் சீசாவில் ரேஷன் சர்க்கரையை இரண்டு கரண்டி போட்டுக் கலக்கி எடுத்துக்கொண்டு போனான். மண்டபத்தில் நீல மருந்தோடு சேர்த்து விளக்கில் காய்ச்சுவார்கள். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும், இருந்தால் பச்சை, மஞ்சள் என்று ஏறிக் கடைசியில் செங்கல் நிறம். பாவாடையுடையது சமுத்திரம் மாதிரி நீலமாகவே நின்றது. கரும்புச் சர்க்கரைக்கு அந்த மருந்து மசியாது என்று டாக்டர் சொல்லிச் சிரித்தாராம். பாவாடை நேராக ரேஷன் கடைக்குப் போய், நீ போடுவது சர்க்கரையே இல்லை, ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள் என்று சண்டை பிடித்தான்.

எல்லோரும் இல்லாத வியாதியைக் காட்டப் பார்த்தபோது, இருக்கிற வியாதியை மறைத்தவன் சிங்காரவேல் ஒருவன்தான். சம்பளம் சும்மா, மருந்து சும்மா, வேலைக்கு ஆபத்து இல்லை. இத்தனை சும்மாவை அவன் ஆயுசில் கேட்டதில்லை. பழைய மெடிக்கல் காகிதத்தை எடுத்து வைத்துப் பார்த்து, அன்றைக்கு இல்லாதது இன்றைக்கு எப்படி வந்தது என்று ஒருத்தன் கேட்டால்? வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். நாற்பது வயசில் மறுபடியும் மண் சுமக்க வேண்டும். கஸ்தூரி சொல்லிப் பார்த்தாள், டாக்டர் நல்ல மனுஷர், உண்மையைக் கொடுத்துவிடுங்கள் என்று. கேட்கவில்லை. ஆஸ்பத்திரி மிக்சர் வாங்குகிற சீசாவைக் கழுவி வைத்தியிடம் நீட்டினான்.

"மறுபடியுமா மாமா?" என்று வாங்கிக்கொண்டான் வைத்தி. இப்போது அவன் பழைய வைத்தி இல்லை. தின்பது தின்றுகொண்டேதான் இருந்தான், ஆனால் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. குடத்துத் தண்ணீரை அவன் ஒருவனே காலி பண்ணினான். கான்ட்ராக்ட் வேலை ஆளை உருக்குகிறது, கண்ணும் பட்டிருக்கிறது என்று கஸ்தூரி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டிருந்தாள்.

மண்டபத்தில் சிங்காரவேலின் பேர் ஒட்டின சீசாவைத் திறந்து, சுகாதார நர்ஸ் அம்சவல்லி கண்ணாடிக் குழாயில் சில சொட்டு விட்டு விளக்கில் பிடித்தாள். அவன் அலட்சியமாக மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பிப் பார்க்கும்போது குழாயில் நீலம் இல்லை. பச்சையும் இல்லை. புதுச் சூளையில் இறக்கின செங்கல் மாதிரி சிவந்து கிடந்தது.

அம்சவல்லி பிடித்து உட்கார வைத்தாள். டாக்டரே வந்து தோளில் கை போட்டு, எந்த வயசிலும் வரக்கூடியதுதான், மெடிக்கலில் இல்லாதது அப்புறம் வருவது சகஜம், உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, நல்ல வேளையாக இப்போதே தெரிந்தது என்றார். நாலு வருஷமாக நெஞ்சில் கட்டிக்கொண்டு திரிந்த பாறாங்கல்லை எவனோ வந்து சும்மா எடுத்துக் கீழே வைத்துவிட்ட மாதிரி இருந்தது. இனிமேல் கம்பெனி மருந்து. ஒளிவு மறைவு கிடையாது. அடுத்தவன் சீசா சொன்ன பொய், அவன் விஷயத்தில் அப்பட்டமான உண்மையாகிவிட்டது.

வீட்டுக்குத் திரும்பி வருகிற வழியில்தான் மற்றது உறைத்தது. செங்கல் நிறம் வைத்தியுடையது.

நியாயமாக நடக்கிறவன் வாசற்படி ஏறினதுமே சொல்லியிருப்பான். சிங்காரவேல் வாசற்படி ஏறுவதற்குள் கூட்டிக் கழித்து முடித்துவிட்டான். சொன்னால் வைத்தியம் பார்க்க வேண்டும். வியாதிக்காரனை எவனும் பெர்மனென்ட் ஆக்க மாட்டான். ஆகையால் ஆயுசுக்கும் இந்த வீட்டில்தான் கிடப்பான். அவசரமில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடைசி நேரத்தில் மனசு மாறித் தன்னுடையதையே பிடித்துக் கொடுத்துவிட்டதாக இரண்டு பேரிடமும் சொன்னான். வைத்தியின் சரக்கைச் சாக்கடையில் கொட்டிவிட்டதாகவும் சொன்னான். கஸ்தூரி கன்னத்தில் போட்டுக்கொண்டு, இப்பவாவது புத்தி வந்ததே என்றாள்.

வைத்தி மட்டும் சந்தோஷப்படவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தான்.

"அப்ப ஒனக்குச் சக்கரை இருக்குதுன்னு கம்பெனி புஸ்தகத்துலயே ஏறிப்போச்சு. இப்ப நான் போயி, சார், மொதல்லயே இருந்துது, மெடிக்கல்ல காட்டுனது என்னுதுன்னு சொன்னா, முன்ன சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாங்க, இப்ப சிரிக்க மாட்டாங்க மாமா. நம்புவாங்க."

சிங்காரவேல் துண்டை எடுத்தான். வைத்தி துண்டுக்கு அடியில் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தான். அவனையும் பெர்மனென்ட் ஆக்க வேண்டும். ஃபோர்மேனிடம் பேசுவதோ, எவன் காலில் விழுவதோ, அது மாமன் பாடு. காய்ச்சல் ஓய்ந்து ஆபீஸ் ஒழுங்காகத் திறக்கிற வரை தவணை. அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. மச்சான் நன்றாகத்தான் தொழில் கற்றுக்கொண்டிருந்தான்.

அம்சவல்லி ஒரு நாள் விட்டு ஒரு நாள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். மணல் சட்டி ஏற்பாட்டைப் பார்த்து, இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று மெச்சினாள். கஸ்தூரி ஊசி போடுவதைப் பார்த்துவிட்டு, எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இந்தக் கை கிடையாது என்றாள். பாடம் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். காய்ச்சல் வந்து சாப்பிட முடியாவிட்டாலும் ஊசியை நிறுத்தக்கூடாது. ஜுரக்காரனுக்குக் கொடுக்கிற குளுக்கோஸ் தண்ணீர், பன், பழரசம் எதுவும் இவருக்கு ஆகாது. ஊசி போட்டால் அரை மணிக்குள் சோறு போட்டாக வேண்டும்; தாமதமானால் வியர்த்துக் கை நடுங்கும், அப்போது மட்டும் ஒரு கரண்டி குளுக்கோஸ். வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சல் வந்தால் இவர் கிட்டே போகவே கூடாது. கஸ்தூரி எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டாள். தாலியைத் தொட்டுக்கொண்டே கேட்டாள்.

காய்ச்சல் வைத்திக்கு வந்தது. மழையில் நனைந்து வேலையிலிருந்து வந்தவன் பாயில் விழுந்தான். நர்ஸ் சொன்னபடி கஸ்தூரி நடுக்கதவைச் சாத்தினாள். முன்னறையில் புருஷன், பின்னறையில் தம்பி, நடுவில் அவள். முன்னறைக்குக் கேழ்வரகுக் கூழும் கீரையும். பின்னறைக்கு டப்பா டப்பாவாகக் குளுக்கோஸ். நாக்கு வறளுதுக்கா என்பான் வைத்தி. எலுமிச்சம்பழம் பிழிந்து, இரண்டு கரண்டி தூக்கலாகப் போட்டுச் சொம்பு நிறையக் கொடுப்பாள். குடித்த உடனே இன்னொரு சொம்பு கேட்பான். தண்ணி இறங்குகிறதே, அதுவே போதும், தெம்பு வந்துவிடும் என்று முன்னறைக்கு வந்து சொல்லிவிட்டுப் போவாள்.

கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கரண்டி சொம்பில் உரசுகிற சத்தத்தைச் சிங்காரவேல் கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கரண்டியும் எங்கே போய் என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கரண்டி நின்றுவிடும். வாயைத் திறக்கவில்லை. பேரத்தில் முந்திப் பேசுகிறவனுக்குத்தான் நஷ்டம்.

மூன்று நாளில் எழுந்து உட்கார வேண்டியவன் எழவில்லை. வாந்தி எடுத்தான். வயிறு வலிக்கிறது என்றான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று கஸ்தூரி கேட்டபோது சிங்காரவேல் நிதானமாகச் சொன்னான். ஆஸ்பத்திரியில் நிற்க இடமில்லை, சிவப்பு மிக்சரைக் கொடுத்துத் திருப்பித்தான் அனுப்புவார்கள். அதோடு, ஜுர வேகத்தில் உன் தம்பி வாய் சும்மா இருக்காது. சீசா கதையை டாக்டர் முன்னால் உளறி வைத்தால் அத்தனை பேரும் ரோட்டில்தான். கஸ்தூரி நடுக்கதவு வரை போய்த் திரும்பி வந்தாள். பிறகு இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்றாள். அந்த ஒரு நாளை அவள்தான் சொன்னாள். அவன் சொல்ல வைத்தான், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில், வைத்தி உங்களைக் கூப்பிடுகிறான், கண்ணு ஒரு மாதிரி போகிறது, வாசலிலேயே நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள் என்று வந்து நின்றாள். சிங்காரவேல் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு நடுக்கதவைத் தாண்டினான். துண்டையும் மீறி அந்த வாசம் வந்தது. பழம் அழுகின வாசம். ஜன்னல் பக்கம் யாரோ பலாச்சுளையை மறந்து வைத்துவிட்ட மாதிரி. வைத்தி வாயைத் திறந்துகொண்டு ஆழ ஆழ மூச்சு இழுத்தான். ஓடிவந்தவன் மாதிரி, ஆனால் நிற்காமல். கஸ்தூரி அடுப்பில் வெந்நீர் பொங்குகிறது என்று ஓடினாள்.

வைத்தியின் கை போர்வைக்கு அடியிலிருந்து வந்து மாமனின் கையைத் தேடிப் பிடித்தது. இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டது. சூடும் வறட்டுத் தோலுமான கை. ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தது. சிங்காரவேல் அசையவில்லை. முகத்தை மழை பார்க்கிற முகமாக வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு விரல் விட்டது. பிறகு இன்னொன்று. இரண்டு விரலில் வந்து நின்றது, பழைய விலை, பஸ்ஸில் பேசினது. அதற்கும் சிங்காரவேல் அசையவில்லை. எதிராளி தானாக இறங்கும்போது தரகன் மூச்சுக்கூட விடமாட்டான். கடைசியில் ஒற்றை விரல். ஆட்காட்டி விரலை மட்டும் பிடித்துக்கொண்டு கிடந்தான் வைத்தி. ஒன்றும் வேண்டாம் மாமா, இது ஒன்று போதும் என்கிற மாதிரி.

சிங்காரவேல் கையை உதறினான்.

முன்னறைக்கு வந்தான். அவன் கல் இல்லை. மணல் சட்டிக்குள் கையை விட்டு மருந்துச் சீசாவை எடுத்தான். ஈர மணல் ஒட்டின அந்தக் கண்ணாடியை வேட்டியில் துடைத்தான். நிறைய மருந்து இருந்தது. இரண்டு பேருக்கு ஒரு மாதம் வரும். ஆனால் போடுவது யார்? கஸ்தூரியைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் எதற்கு என்று கேட்பாள். எப்படித் தெரியும் என்று கேட்பாள். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பாள். அந்த மூன்றாவது கேள்வியில் நின்றுகொண்டிருந்தபோது வாசலில் குடையை மடக்குகிற சத்தம் கேட்டது. அம்சவல்லி.

மருந்தை மணலுக்குள் தள்ளிவிட்டு வாசலுக்கு வந்து நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றான். அவள் அவன் சுகத்தை விசாரித்தாள். காலையில் கொடுத்த சீசாவைச் சோதித்ததில் வெறும் பச்சைதான், பரவாயில்லை, கம்பெனி மருந்து நன்றாகக் கேட்கிறது என்றாள். அப்போது உள்ளேயிருந்து அந்த மூச்சுச் சத்தம் கேட்டது. அம்சவல்லி தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"உள்ள யாருங்க?"

"மச்சான். சாதா ஜுரந்தாங்க. நாலு நாளா படுத்துக்கினு இருக்கறான்."

"மூச்சு ஒரு மாதிரி இருக்குதே. அவருக்குச் சர்க்கரை எதாவது உண்டா?"

எவ்வளவு நேராகக் கேட்டுவிட்டாள். மண்டியில் இப்படி யாரும் கேட்பதில்லை. ஆமாம் என்று சொன்னால் போதும். தெரியாது, பார்த்துவிடுங்கள் என்று சொன்னால்கூடப் போதும். ஒரு செலவும் இல்லை. சிங்காரவேல் சிரித்தான்.

"அவனுக்கா? வெல்லத்தை அச்சு அச்சா முழுங்கறவனுங்க அவன். அந்த வியாதியெல்லாம் எங்கள மாதிரி ஆளுக்குத்தான்."

அம்சவல்லிக்கும் சிரிப்பு வந்தது. இன்னும் எத்தனையோ வீடு பாக்கி. சாயங்காலம் வரை குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரச் சொல்லிவிட்டு, நீங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று மறுபடியும் எச்சரித்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனாள். கஸ்தூரி நடுக்கதவுக்குப் பின்னால் சொம்போடு நின்றுகொண்டிருந்தாள். சொம்பில் கரண்டி கலக்குகிற சத்தம் மறுபடியும் ஆரம்பித்தது.

சாயங்காலம் வரை வைத்தி காக்க வைக்கவில்லை. மத்தியான ஷிப்டுக்குச் சங்கு ஊதி ஓய்ந்தபோது அந்த மூச்சும் ஓய்ந்திருந்தது. ஹாங்காங் காய்ச்சலில் போனான் என்று பிளாக்கே பேசிக்கொண்டது. பாவாடை முன்னால் நின்று பாடை கட்டினான். சிங்காரவேல் சுடுகாட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி உத்தரவு, சர்க்கரைக்காரன் சாவுக்கூட்டத்தில் நிற்கக்கூடாது. வாசலிலேயே துண்டைப் போட்டுக்கொண்டு அழுதான். பார்த்தவர்கள் மைத்துனன் மேல் இவ்வளவு பாசமா என்றார்கள்.

கருமாதி முடிந்து மழை விட்டு வெயில் அடித்தது. கஸ்தூரி பின்னறையைக் கழுவி, வைத்தியின் பாயைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். முருங்கை மரத்தடியில், மழை படாத சுவரோரமாக, கறுப்பு எறும்பு பாய் விரித்த மாதிரி அப்பிக் கிடந்தது. எழுந்து கக்கூஸ் வரை நடக்கத் தெம்பில்லாமல் வைத்தி பிடித்த சட்டியை அவள் அந்த இடத்தில்தான் கொட்டிக்கொண்டிருந்தாள். இப்படி எறும்பு மொய்ப்பதை அவள் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறாள், நெல்லிக்குப்பம் வீட்டுச் சாக்கடையில், புருஷன் விழுந்து எழுந்த புதிதில். குத்துக்கால் வைத்து உட்கார்ந்து ரொம்ப நேரம் எறும்பையே பார்த்தாள். மண்டபத்தில் சிவந்தது செங்கல் நிறம். அன்றும் இன்றும் தினம் அவள் கையால் ஊசி போட்டுக்கொள்கிறவனுக்கு வெறும் பச்சை. நர்ஸ் வாசலில் சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது.

உள்ளே வந்தாள். சிங்காரவேல் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு மண்டபத்துல குடுத்த சீசா யாருது?"

அவன் முகத்தில் மழை பார்க்கிற முகம் வந்தது. "என்னுதுதான். அதான் சொன்னேனே."

கஸ்தூரி தலையை ஒரு தடவை ஆட்டினாள். பாயை மடித்து மச்சில் போட்டாள். அவள் போட்ட கரண்டிகள் எத்தனை என்று அவளுக்கும் தெரியும். இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று சொன்னது யார் வாய் என்றும் தெரியும். வைத்திக்கு வாங்கி மீந்துபோன குளுக்கோஸ் டப்பாவை எடுத்து, அவன் படம் மாட்டின ஆணிக்குக் கீழே பலகையில் வைத்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போல ஊசியை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்து, மணல் சட்டியிலிருந்து மருந்தை எடுத்து ஏற்றினாள். சிங்காரவேல் காலண்டரில் இருக்கிற முருகனைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டினான்.

"இப்படித் திரும்புங்க. எவ்ளோ ஏத்தியிருக்கறேன்னு பாத்துக்கங்க."

திரும்பினான். கண்ணாடிக் குழலில் கோடுகள் இருந்தன. வியாதியில் மங்கின அவன் கண்ணுக்கு ஒரு கோடு இரண்டாகத் தெரிந்தது. சரியா என்று கேட்டாள். சரி என்றான். வேறு என்ன சொல்வான்? அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு நடந்து போய், தினம் யாராவது வந்து ஊசி போட முடியுமா என்று அம்சவல்லியைக் கெஞ்சினான். அவள் ஆச்சரியப்பட்டாள். வீட்டிலேயே தங்கமான கை இருக்கிறது, உங்களுக்கென்ன கவலை என்று அனுப்பிவிட்டாள்.

காய்ச்சல் ஓய்ந்தது. சிங்காரவேல் வேலைக்குத் திரும்பினான். வில்லை அவன் சட்டையிலேயே இருந்தது; கேட்க ஆளில்லை. காலையில் ஊசி போட்டவுடன் கஸ்தூரி தட்டு வைப்பதில்லை. சோறு அடுப்பில் இருக்கிறது என்பாள். எதிரில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். சில நாள் சீக்கிரம் எழுந்து பரிமாறுவாள். சில நாள் உட்கார்ந்தே இருப்பாள். எந்த நாள் எப்படி என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அவள் முகத்தில் மழை பார்க்கிற முகம். நெற்றியில் வியர்வை பூக்கும், சட்டை முதுகில் ஒட்டும், கண்ணுக்கு முன்னால் வெளிச்சம் சிதறும், நாக்கு தடிக்கும். சமையல்கட்டுக்கு எழுந்து போகலாம் என்றால் கால் கேட்காது. பலகையில் அந்த டப்பா எட்டாத உயரத்தில் இருக்கும்.

இன்றைக்கும் அப்படித்தான். அவன் கையைத் தூக்கினான். கை உதறியது. விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்து, ஆட்காட்டி விரல் மட்டும் நின்றது. ஒரு கரண்டி.

கஸ்தூரி அந்த விரலைப் பார்த்தாள். எழுந்திருக்க அவள் அவசரப்படவில்லை.